சும்மா இருந்த கணக்கு

வாலாஜாபாத்துக்கு வழி கேட்டால் வாலாஜாபேட்டைக்குக் கைகாட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரை இரண்டு ஊரும் சுமப்பதால் வந்த வினை. நான் சொல்வது பாலாற்றங்கரை வாலாஜாபாத், காஞ்சிபுரம் மாவட்டம். வண்டலூரில் கிளம்பிப் படப்பை, ஒரகடம் தாண்டி வரும் சாலை இங்கே வந்து முடியும். ஒரகடத்தில் பெரிய கம்பெனிகள் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கின்றன. அவற்றுக்கு பிராக்கெட்டும் கிளாம்ப்பும் அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைகள் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன. அப்படி ஒரு பிரஸ் ஷாப்பில், ஒரு நைட் ஷிப்டில், நான் எழுதிய மென்பொருள் என் மானத்தை வாங்கியது.

அன்று டை மாற்றும் வேலை. எல்லா பிரஸ்ஸும் நின்றிருந்தன. டவர் லேம்புகளில் மஞ்சள் மட்டும். லைன் ஓரத்தில் பொருத்தியிருந்த பேனல் கம்ப்யூட்டரின் மூலையில் ‘சி.பி.யு. 50%’ என்று எரிந்துகொண்டிருந்தது. டீ கிளாஸோடு வந்த சூப்பர்வைசர் அண்ணன் அதையே பார்த்தபடி நின்றார்.

“என்னா தம்பி, இங்க ஒண்ணுமே ஓடல. உன் பொட்டி மட்டும் பாதி லோடுல ஓடுதுங்குது?”

“பின்னாடி ஏதாவது புரோகிராம் ஓடும்ணே.”

“தெனமும் நைட்டு பாக்கறேன். அம்பதுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது.”

அந்தக் கடைசி வார்த்தைதான் உறுத்தியது. சுமை ஏறும்போது எண்ணும் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது, ஆனால் ஐம்பதைத் தொட்டதும் நின்றுவிடுகிறது என்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, அளக்கிறவனிடம் இருக்கிறது.

அளப்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். பிராசஸரின் ஒரு கோர் எந்தக் கணத்திலும் ‘பாதி வேலை’ செய்வதில்லை. ஏதோ ஒரு ஆணையை நிறைவேற்றிக்கொண்டிருக்கும், அல்லது நின்றிருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆகவே சதவீதம் என்பது ஒரு கணத்தின் எண்ணாக இருக்கவே முடியாது. இந்த நேரத்திலிருந்து அந்த நேரம் வரை என்று இரண்டு முனை வேண்டும். வீட்டு கரன்ட் பில் போலத்தான். இ.பி. மீட்டர் ஒருபோதும் ‘இந்த மாதம் இவ்வளவு’ என்று காட்டாது. பொருத்திய நாளிலிருந்து ஓடிய மொத்த யூனிட்டைத்தான் காட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவர் பழைய எண்ணைக் கழித்துப் பில் போடுகிறார். இயங்குதளமும் கம்ப்யூட்டரைப் போட்ட நேரத்திலிருந்து மொத்தக் கணக்கை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறது. கழிப்பது நம் பொறுப்பு.

அந்தக் கணக்கின் மையத்தில் இருப்பது வேலை அல்ல, வேலையின்மை. ஓட்டுவதற்கு எந்த நிரலும் வரிசையில் இல்லாதபோது இயங்குதளம் ‘ஐடில்’ என்ற ஒரு போலி வேலையை ஓட்டுகிறது. அது செய்வதெல்லாம் ‘நில்’ என்ற ஆணையைப் பிராசஸருக்குக் கொடுப்பதுதான். அடுத்த குறுக்கீடு வந்து எழுப்பும்வரை கோர் தூங்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ 97 சதவீதத்தைத் தின்கிறது என்று பயந்து, அதை எப்படியாவது நிறுத்துங்கள் என்று கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தின்னவில்லை, மிச்சம் வைத்திருக்கிறது. சும்மா இருந்த நேரம் இவ்வளவு என்பது உறுதியாகத் தெரியும். மற்றதெல்லாம் வேலை நேரம் என்று எழுதிக்கொள்கிறோம். நாம் பெருமையாகப் பார்க்கும் சி.பி.யு. சதவீதம் நூறிலிருந்து சும்மாவைக் கழித்த மீதி.

இனி என் தப்புக்கு வருகிறேன். அந்தப் பட்டறைக்கு நான் எழுதியது கியூட் என்னும் சட்டகத்தில். 1994-ல் நார்வேயில் தொடங்கி, பின்னர் ட்ரால்டெக் என்று பெயர் பெற்ற நிறுவனம் உருவாக்கியது அது. ஒரே சி பிளஸ் பிளஸ் மூலநிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் என எங்கும் தொகுத்து ஓட்டலாம். ஜன்னல், பொத்தான், கோப்பு, வலை என எல்லாவற்றுக்கும் அதில் பொதுவான வழி உண்டு. முழுக் கம்ப்யூட்டரின் சி.பி.யு. பயன்பாட்டைச் சொல்லும் வழி மட்டும் இல்லை. அதை அவரவர் எழுதிக்கொள்ள வேண்டும். லைன் ஓரத்தில் விண்டோஸ் பேனல், ஆபீஸ் அறையில் லினக்ஸ் பெட்டி. நான் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி, மேலே ஒரே பெயரை ஒட்டினேன்.

லினக்ஸில் ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் ‘ஸ்டாட்’ என்று ஒரு கோப்பு. வட்டில் அப்படி ஒரு கோப்பே கிடையாது; படிக்கும் நொடியில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை எழுதித் தருகிறது. முதல் வரியில் பத்து எண்கள்: பயனர் நிரல்களில் கழிந்த நேரம், முன்னுரிமை குறைத்த நிரல்களில் கழிந்தது, கெர்னலில் கழிந்தது, சும்மா இருந்தது, வட்டுக்காகக் காத்தபடி சும்மா இருந்தது என்று போகும். அலகு வழக்கமாக நொடியில் நூறில் ஒரு பங்கு. நான்கு கோர் உள்ள பெட்டியில் ஒரு நொடி இடைவெளி விட்டு இரண்டு முறை படித்தால் மொத்தம் 400 கூடியிருக்க வேண்டும். அதில் சும்மா 300 என்றால் வேலை 100; பயன்பாடு 25 சதவீதம். ஒன்றாம் வகுப்புக் கழித்தல்.

விண்டோஸில் கோப்பு கிடையாது. ‘கெட் சிஸ்டம் டைம்ஸ்’ என்ற அழைப்பு மூன்று எண்களைக் கொடுக்கும்: ஐடில், கெர்னல், யூசர். அலகு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு. லினக்ஸைப் பார்த்த கண்ணோடு நான் மூன்றையும் கூட்டி மொத்தம் என்று வைத்துக்கொண்டேன். அங்கேதான் வழுக்கினேன். விண்டோஸ் கணக்கில் ஐடில் வேலை கெர்னலுக்குள் ஓடுவதால், கெர்னல் நேரத்துக்குள்ளேயே ஐடில் நேரமும் அடங்கியிருக்கிறது. ஆவணத்தில் இது ஒரே ஒரு வாக்கியமாக எழுதியும் இருக்கிறது. நான் படிக்கவில்லை.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். நான்கு கோர், ஒரு நொடி. ஐடில் 3 நொடி. அந்த மூன்றையும் சேர்த்துக் கெர்னல் 3.4, யூசர் 0.6. சரியான மொத்தம் 3.4-உம் 0.6-உம் சேர்ந்து 4. வேலை 1. பயன்பாடு 25 சதவீதம். நான் போட்ட மொத்தமோ 7; அதில் ஐடில் 3 போக 4; ஆக 57 சதவீதம். எல்லாம் நின்றுபோன ராத்திரியில் ஐடில் 4, கெர்னல் 4, யூசர் 0. என் மொத்தம் 8, ஐடில் போக 4, சரியாக 50. சும்மா இருப்பதையே இரண்டு முறை எழுதி, ஒன்றை மட்டும் கழித்து, மற்றதை உழைப்பாகக் காட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் முழு மூச்சில் ஓடும்போது ஐடில் பூஜ்யம் என்பதால் தப்பான சூத்திரமும் சரியாக 100 காட்டும். அதனால்தான் பகலில் யார் கண்ணிலும் படவில்லை.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. ஆபீஸ் அறை லினக்ஸ் பெட்டி அதே ராத்திரி 2 சதவீதம் காட்டிக்கொண்டிருந்ததை நான் முதல் வாரமே பார்த்திருந்தேன். ‘லினக்ஸ்னா அப்படித்தான், லேசா ஓடும்’ என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து மடங்கு வித்தியாசத்தைப் பக்தியால் விழுங்கியிருக்கிறேன். லினக்ஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம்: அங்கேயும் ‘கெஸ்ட்’ என்ற பத்தி ஏற்கெனவே பயனர் நேரத்துக்குள் அடங்கியது. மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வரில் பத்துப் பத்தியையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் இதே விபத்துதான்.

திருத்திய மறுநாள் ராத்திரி பேனல் 2 காட்டியது. அண்ணன் அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். “இப்ப பொட்டி வேலையே செய்யலியா?” என்றார். அவருக்கு ஐம்பது பழகிவிட்டிருந்தது.

ஆனால் அந்தக் கேள்வியில் அவர் அறியாமலேயே ஒரு விஷயம் இருந்தது. பிரஸ் ஷாப்பில் இருப்பவர்களுக்கு ‘ஓடுது’ என்பதும் ‘விளையுது’ என்பதும் வேறு வேறு என்று கம்ப்யூட்டர்காரர்களைவிட நன்றாகத் தெரியும். ஜப்பானின் செய்ச்சி நகாஜிமா வகுத்த ஓ.இ.இ. கணக்கு ஒரகடம் பக்கம் எந்த வெண்டரின் சுவரிலும் தொங்கும். மெஷின் ஓடிய நேரத்தின் விகிதம், உரிய வேகத்தில் ஓடியதா என்ற விகிதம், அடித்ததில் நல்ல பீஸ் எத்தனை என்ற விகிதம். மூன்றையும் பெருக்க வேண்டும். 90, 95, 99 என்று மூன்றும் பார்க்க அழகாக இருந்தாலும் பெருக்கினால் 85-க்கு வந்துவிடும். நம் சி.பி.யு. சதவீதத்தில் இருப்பது முதல் விகிதம் மட்டும். பச்சை விளக்கு எரிந்த நேரம். வேகமும் பலனும் அதில் இல்லை.

பலனை எடுத்துக்கொள்ளுங்கள். என் மென்பொருளின் முதல் வடிவில், பிரஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பி.எல்.சி.யிடம் ‘புது பீஸ் வந்ததா, வந்ததா’ என்று மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சுழற்சி இருந்தது. ஒரு கோர் முழுவதும் அதற்கே போயிற்று. உருப்படியான வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான்கு கோர்களின் சராசரியில் அது சாதுவான 25 சதவீதம்தான். ஒரு கோர் மூச்சுத் திணறுவதும் நான்கும் நிதானமாக நடப்பதும் சராசரியில் ஒரே எண். கோர் வாரியாகக் காட்டாத மீட்டரை நான் இப்போது நம்புவதில்லை.

வேகம் இன்னும் சுவையானது. அந்தப் பேனல் விசிறி இல்லாத வகை. தூசியும் எண்ணெய்ப் புகையும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக மூடி வைத்தது. கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ், பிராசஸர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பு 40 சதவீத நேரத்தில் முடிந்த அதே வேலை இப்போது 80 சதவீத நேரம் எடுக்கும். லைனில் ஒரு பீஸ்கூடக் கூடவில்லை. மீட்டர் மட்டும் இரட்டிப்பு. விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரின் வரைபடம் இதற்காக வேறு கணக்குப் போட்டது: ஓடிய நேரத்தை, அடிப்படை வேகத்தில் உண்மையான வேகம் எத்தனை பங்கு என்ற விகிதத்தால் பெருக்கிவிடும். 80-ஐப் பாதியாக்கினால் 40. ஆக ஒரே பேனலில், ஒரே நொடியில், என் நிரல் 80 என்கிறது, டாஸ்க் மேனேஜர் 40 என்கிறது. இரண்டுமே பொய் இல்லை. எவ்வளவு வேலை நடந்தது என்று கேட்டால் 40. இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று கேட்டால் 80. லைனை நடத்துகிறவருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் கட்சி.

நேரத்தைக் குறிப்பதிலேயே ஒரு ஓட்டையும் உண்டு. பழைய வழக்கப்படி இயங்குதளம் ஒவ்வொரு நிரலையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கடிகாரக் குறுக்கீடு வரும்போது எட்டிப் பார்த்து, அப்போது யார் ஓடிக்கொண்டிருக்கிறாரோ அவர் பெயரில் முழு இடைவெளியையும் எழுதும். லினக்ஸில் இது நொடிக்கு 250 முறை இருக்கலாம். விண்டோஸில் வழக்கமாக 64. கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதினாலும் எழுதுகிறவர் வருவது நொடிக்கு 64 முறைதான். ரவுண்ட்ஸ் வரும் நேரம் தெரிந்த ஆள் எப்படி நடந்துகொள்வானோ அப்படியே ஒரு நிரலும் நடந்துகொள்ளலாம்: அவர் போனதும் வேலையைத் தொடங்கி, திரும்பி வருமுன் தூங்கிவிட்டால் கணக்கில் பூஜ்யம். டான் ட்சாஃப்ரிர், யோவ் எட்சியோன், டிரோர் ஃபைட்டல்சன் மூவரும் 2007-ல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் இதை வேண்டுமென்றே செய்து காட்டினார்கள். எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத நிரல் பிராசஸரையே ஆக்கிரமித்துக்கொண்டு, கணக்கில் அகப்படாமல் இருக்க முடிந்தது. கெட்ட எண்ணம் இல்லாமலும் இது நடக்கும்: கடிகாரத் துடிப்போடு சேர்ந்தே விழித்தெழும் சிறு நிரல்கள், தம்மை அறியாமல் தலைமறைவாகிவிடும். இன்றைய கெர்னல்களில் துல்லியமாகக் குறிக்கும் வழிகள் வந்துவிட்டன. எல்லாப் பெட்டியிலும் அவை இயக்கப்பட்டிருப்பதில்லை.

பல தளச் சட்டகம் எழுதுகிறவர் இத்தனை பழக்கவழக்கங்களையும் ஒரே பெயருக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது. சிலர் அடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். நோட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் சூழலில் சராசரிச் சுமையைக் கேட்டால் லினக்ஸில் மூன்று எண்கள் வரும். விண்டோஸில் எப்போதும் மூன்று பூஜ்யம். யூனிக்ஸ் குடும்பத்தின் வழக்கம் விண்டோஸில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறது, பாராட்டலாம். ஆனால் பூஜ்யம் என்பது ‘தெரியாது’ என்பதன் மறுபெயர் என்று எத்தனை பேருக்குப் புரியும்? பைத்தானின் பி.எஸ்.யூட்டில் நூலகமும் இடைவெளி கொடுக்காமல் முதல்முறை கேட்டால் 0.0 என்றுதான் சொல்லும். கழிப்பதற்குப் பழைய ரீடிங் இல்லையே. அந்தப் பூஜ்யத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

பழைய ரீடிங்கை எங்கே வைப்பது என்பது இன்னொரு தலைவலி. என் நிரலில் அதை ஒரே இடத்தில் பொதுவாக வைத்திருந்தேன். திரையின் மூலை நொடிக்கு ஒருமுறை கேட்டது. பதிவேடு எழுதும் பகுதி நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டது. யார் கேட்டாலும் பழைய ரீடிங் அழிந்து புதியது ஏறும். ஒரு வண்டியை இரண்டு டிரைவர் ஓட்டி, ஆளாளுக்கு டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது போல. ஒரு நிமிடச் சராசரி என்று பதிவேட்டில் ஏறியது உண்மையில் கடைசி ஒரு நொடியின் கணக்கு, சில சமயம் அதிலும் சிறு துண்டு. கேட்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனி ரீடிங் கொடுத்த பிறகுதான் அடங்கியது.

பிறகு முதலாளி, சூப்பர்வைசர் கையில் ஆண்ட்ராய்டு டேப்லெட் கொடுத்தால் என்ன என்றார். ஆண்ட்ராய்டும் உள்ளே லினக்ஸ்தானே என்று சரி சொன்னேன். அந்த ‘ஸ்டாட்’ கோப்பைத் திறக்க முடியவில்லை. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் சாதாரணச் செயலிகளுக்கு அது பூட்டு. சி.பி.யு. எண் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதை மட்டும் வைத்தே பக்கத்துச் செயலியில் பயனர் என்ன செய்கிறார் என்று ஊகிக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. சும்மா இருந்த கணக்கும் வேவு பார்க்கும். டேப்லெட்டில் அந்த மூலையை அப்படியே எடுத்துவிட்டேன்.

இவ்வளவு மெனக்கெட்டு இந்த எண்ணைச் சரிசெய்ய வேண்டுமா என்று கேட்கலாம். வரிசை என்று ஒன்று இருக்கும்வரை வேண்டும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் ஏ.கே. எர்லாங் 1909-ல் தொடங்கிவைத்த கணக்கு இது. நினைத்த நேரத்தில் வேலைகள் வந்து விழும் ஒற்றை ஜன்னலில், ஜன்னல் பாதி நேரம் நிரம்பியிருந்தால் ஒரு வேலை முடிய ஆளில்லாத நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆகும். 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு. 90-ல் பத்து. 95-ல் இருபது. ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; பத்து வண்டி கூடினால் பத்து நிமிடம் கூடுவதில்லை, அரை மணி கூடுகிறது. எங்கள் பேனலில் அது பீஸ் எண்ணிக்கையைப் பாதிக்கும். பி.எல்.சி.யின் துடிப்பைப் படிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் ஒரு பீஸ் கணக்கில் காணாமல் போகும். ஷிப்ட் முடிவில் ஆபரேட்டருக்கும் ஸ்டோருக்கும் சண்டை.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் விட முடியாது. அதற்கு முன் ஒன்று: மீட்டர் என்றால் சுற்றி முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பும் நாள் ஒன்று உண்டு. 32 பிட் எண் 429 கோடியைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. நொடிக்கு நூறு வீதம் ஏறினால் 497 நாளில் அது நிறையும். நொடிக்கு ஆயிரம் என்றால் 49.7 நாள், விண்டோஸ் 95-உம் 98-உம் அத்தனை நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும் என்ற குறை இப்படி வந்ததுதான். 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787-இல் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் மின்னாக்கிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒரே சமயத்தில் கைவிட்டுவிடக்கூடும் என்று உத்தரவு போட்டது. 497-இல் பாதி 248. குறியோடு கூடிய எண்ணில் ஒரு பிட் குறிக்குப் போய்விடும் அல்லவா. மேக்கில் சி.பி.யு. கணக்கு இன்றும் 32 பிட் எண்களில்தான் வருகிறது. கழிக்கும்போதும் 32 பிட்டிலேயே கழித்தால் ஓடோமீட்டர் சுற்றினாலும் வித்தியாசம் சரியாக வரும். பெரிய எண்ணாக மாற்றிவிட்டுக் கழித்தால் ஒரு நாள் சதவீதம் எதிர்மறையில் வந்து நிற்கும்.

எங்கள் பட்டறையில் வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு, எல்லா மெயினையும் இறக்கிவிடுவார்கள். பிரஸ், கம்ப்ரஸர், பேனல் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். 365 நாள் 497-ஐத் தொடாது. சரஸ்வதி அருளால் அந்தப் பிழை எங்களுக்கு வந்ததே இல்லை.

போன வருடம் பூஜை முடிந்த மறுநாள் காலை ஷிப்டுக்கு நானும் போயிருந்தேன். அண்ணன் மெயினைத் தூக்கினார். பேனல் உயிர் பெற்றது. திரையின் மூலையில், காய்ந்த குங்குமப் பொட்டுக்குக் கீழே, எண்ணுக்குப் பதில் சின்னதாக ஒரு கோடு.

“என்னா தம்பி, கோடு போட்டுட்டு நிக்குது?”

“ஒரு செகண்ட் இருங்கண்ணே. கழிக்கறதுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல.”